ஒன்ஸ்மோர் கேட்ட சண்டை

வாய்க்கா தண்ணித் தகராறுல எங்கண்ணனை மம்பட்டியால வெட்டிக் கொன்னது செல்வத்தோட அப்பன். அதுக்கு முன்னாடியே கோயில் நாடகத்துல நடிக்கிறதா ஒத்துக்கிட்டு நானும் செல்வமும் வெத்தலபாக்கு வாங்கிட்டோம். சாமி முன்னாடி வாங்கினா வேஷத்தை மாத்த முடியாது.

"அடி வெறும் பாவனைதான், மேல படக்கூடாது"ன்னு ஒத்திகையில வாத்தியாரு சொல்லியிருந்தாரு. மேடையில சண்டை சீன் வந்ததும் மரக்கட்டக் கத்தியால நெசமாவே அடிச்சேன். செல்வம் மண்டை ஒடஞ்சு ரத்தம் கொட்டுச்சு. சனம் அதைச் சாயம்னு நெனச்சு, "ஒன்ஸ்மோர்!"னு விசிலடிச்சுது. கூட்டம் கேட்டா அதே சீனைத் திரும்ப நடிக்கணும்.

செல்வம் தள்ளாடி எந்திரிச்சு, எங்கையிலருந்து விழுந்து கெடந்த கத்தியை எடுத்து எங்கிட்டயே நீட்டுனான். "அடிடா. உங்கண்ணனுக்காக வாங்கிக்கிறேன்"னான், எனக்கு மட்டும் கேக்குற மாதிரி.

எனக்குக் கையே தூக்க வரல. அவனைக் கட்டிக்கிட்டு அழுதேன். அண்ணனை எடுத்த அன்னிக்குக்கூட நான் அழலைங்க. மம்பட்டியை ஓங்குன அவங்கப்பன் கை எனக்கும் இருந்திருக்கு.