கறை இல்லாத கசிவு

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். முந்தைய நாள் மழையின் ஈரம் காயாமல் புழுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மெக்கானிக் தொழிலில் வண்டியைச் சந்தேகிப்பதற்கு முன் வண்டியோடு வந்தவர்களைச் சந்தேகித்துவிடுகிறோம். பழைய வண்டியோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இது புதிதல்ல.

குறையும் ஆயில்

தட்டாஞ்சாவடியில் உள்ள என் பட்டறைக்கு, வீராம்பட்டினத்து மீன் வியாபாரி அஞ்சலை தம் பழைய பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். ஓட்டிவந்தவர் ஏழுமலை, ஆறு ஆண்டுகளாக அவரிடம் டிரைவர். பத்து நாளில் கால் லிட்டர் என்ஜின் ஆயில் குறைகிறது என்பது புகார். அளவு பார்க்கும் கம்பியை உருவினேன், குறைவுதான். அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை. ஆயில் உள்ளே எரிந்தால் புகை நீலமாக வரும், அதுவும் இல்லை.

அஞ்சலை ஏழுமலையைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "ஒழுவல, பொகையல. அப்ப ஆயிலு எங்க போவுது மேடம்? இன்னிக்கித் தெரியலன்னா நாளைக்கி வேற டிரைவர் பாத்துக்கறேன்."

அட்டையின் சாட்சி

அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்து, இரண்டு மணி நேரம் விட்டேன். அட்டை அப்படியே இருந்தது. என் சந்தேகமும் ஏழுமலை பக்கம் சாய்ந்ததை மறைக்க விரும்பவில்லை. பழைய என்ஜின் எப்படி இப்படிப் பளபளக்கிறது என்று அவரைக் கேட்டேன். தினமும் மீன் இறக்கியதும் நாற்றம் போக, பின்தொட்டியோடு என்ஜினையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவுவாராம். பட்டறைக்கு வருகிறோமே என்று இன்று இரண்டு தடவை.

அஞ்சலை கையை விரித்தார்: "கேட்டுக்குங்க மேடம், தடயத்த அழிக்கத்தான் தெனம் கழுவறான்."

முகப்பவுடர்

அந்தச் சொல்தான் என்னை நிறுத்தியது. எதன் தடயம்? திருடியிருந்தால் என்ஜின்மேல் அழிக்க எதுவும் இருக்காது, கசிந்திருந்தால்தான் இருக்கும்.

என்ஜினை நன்றாகத் துடைத்து, கைப்பையிலிருந்த முகப்பவுடரை எல்லாப் பக்கமும் தூவினேன். மூவரும் ஏறி வீராம்பட்டினம் வரை போய்த் திரும்பினோம். பானெட்டைத் தூக்கினால், வெள்ளைப் பவுடரின் நடுவே, என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பின்விளிம்பிலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் பேக்கிங் இறுகிப்போயிருந்தது. என்ஜின் சூடாக ஓடும்போது மட்டும் கசிவு. வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும். பக்கவாட்டில் வழிந்திருப்பதை மறுநாள் காலை சோப்புத்தூள் கொண்டுபோய்விடும்.

ஏழுமலை அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்: "திருட்டுப் பட்டம் வரும்னு தெரிஞ்சிருந்தா நாத்தத்தோடவே வுட்டிருப்பேங்க்கா."

புதுப் பேக்கிங்

அரை மணி நேரத்தில் பேக்கிங்கை மாற்றினேன். அஞ்சலை மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, வண்டியில் ஏறும்போது, "நாளைக்கி எத்தினி மணிக்கு வர்றே?" என்று மட்டும் ஏழுமலையிடம் கேட்டார்.

மறுநாள் காலை ஏழுமலை தொட்டியை மட்டும் கழுவி என்ஜினைத் தொடாமல் விட்டாராம். அஞ்சலை ஆயில் கம்பியைத் தாமே உருவிப் பார்த்துவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தாராம். நானோ, யார்மீதும் சந்தேகப்படுவதற்கு முன் தூவிப் பார்ப்பதற்கென்று, பட்டறைக்குத் தனியாக ஒரு பவுடர் டப்பா வாங்கிவைத்தேன்.