சலவைத் தொழிற்சாலையின் மூன்று நிருபங்கள்

1. கம்பி

அபாய மணி அடித்தபோது நான் தேநீர் அறையில் இருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் மரிதெஸ் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருக்கிறாள். அவளுடைய கையுறை பெரிய உருளைக்குள் போய்க் கருகிக்கொண்டிருந்தது.

எங்களுடையது டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்தின் ஓரத்தில் உள்ள சலவைத் தொழிற்சாலை. ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கழுவி, சூட்டில் அழுத்தி மினுக்கி, மடித்துத் திருப்பி அனுப்புவது வேலை. மினுக்கும் இயந்திரத்தை ‘ரூலே’ என்போம். இரண்டு பேர் விரிப்பின் நுனியைப் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். உருளைக்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். எங்கள் ரூலே பழையது, கை படாமலும் நின்றுவிடும். அன்று அது நிற்காதபடி யாரோ கம்பியை டேப்பால் கட்டியிருந்தார்கள்.

தானே கட்டியதாகவும் லோனே கட்டச் சொன்னதாகவும் மரிதெஸ் சொன்னாள். லோனே எங்கள் பிரிவின் மேலாளர். தான் அப்படிச் சொல்லவேயில்லை என்றார். மரிதெஸ் பொய் சொல்கிறாள் என்று முடிவானால் வேலை போய்விடும். அவள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள். இங்கே நிரந்தர வதிவிட அனுமதி கேட்க வேண்டுமானால் குறிப்பிட்ட காலம் முழுநேர வேலை செய்திருக்க வேண்டும் என்று சட்டம். அவளுக்கு இன்னும் ஐந்து மாதம் குறைந்தது.

நான் அப்போது தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி. அவளைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை. அந்தக் கடமையை நான் செய்த விதத்தைப் புதிதாகப் பிரதிநிதியாக வருகிறவர்கள் படித்துவைத்திருப்பது நல்லது.

2. நான் தகாலோக் படித்த கதை

நான் மன்னார்க் கத்தோலிக்கன். தமிழ்ப் பூசை மாதத்துக்கு ஒருமுறைதான். மற்ற ஞாயிறுகளில் பிலிப்பினோக்களோடு இருந்து பூசை காண்பேன். மரிதெஸ் எனக்கு அங்கேதான் பழக்கம். என்னை ‘கூயா’ என்பாள், அவர்களுடைய மொழியில் அண்ணை. பூசைத் தாளில் ஒரு பக்கம் அவர்களுடைய தகாலோக், மறுபக்கம் டேனிஷ். பிரசங்கம் நீளும் நாட்களில் நான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப் பொறுக்கியவைதான் இணைப்புச் சொற்கள். ‘சபக்கட்’ என்றால் ஏனெனில். ‘சமக்காத்துவித்’ என்றால் ஆகவே. ‘ஙுனித்’ என்றால் ஆயினும். சின்ன வயதில் அடிவாங்கி எழுதிப் பழகிய ஙகர வரிசைக்கு ஒருவழியாக டென்மார்க்கில் வேலை கிடைத்தது என்று எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் தொழிற்சாலையில் அவர்கள் இந்தச் சொற்களைத் தொடுவதே இல்லை. வாயைத் திறந்தால் கஸி, தபோஸ், காஸோ. கஸி எங்கள் ‘ஏனெண்டா’. தபோஸ் ‘பிறகு’. காஸோ என்றால் ‘ஆனா என்ன பிரச்சினையெண்டா’. கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கோ அவை வீட்டு உடுப்பாகப் பட்டன. நாங்களும்தான் வாய்க்கு வாய் ‘எண்டபடியா’ என்கிறோம். அதைப் பரீட்சைத் தாளில் எழுதினால் வாத்தியார் விடுவாரா? அந்த வாத்தியார் மன்னாரிலேயே நின்றுவிட்டார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

3. திருத்தம்

விபத்து நடந்தால் சாட்சிகள் தங்கள் மொழியிலேயே எழுதிக் கொடுக்கலாம், கம்பனி மொழிபெயர்ப்பித்துக்கொள்ளும். மரிதெஸும், பக்கத்தில் நின்ற அவளுடைய இரண்டு தோழிகளும் எழுதினார்கள். கொடுப்பதற்கு முன்னால் நான் வாங்கிப் பார்த்தேன்.

பார்த்தவுடன் எரிச்சல் வந்தது. ஒரு பக்கத்தில் பதினொரு தபோஸ். லொறி வந்தது, பிறகு லோனே வந்தார், பிறகு இது, பிறகு அது. இதை மேலிடம் படித்தால் இவர்களை யார் மதிப்பார்கள்? மூன்று பேரையும் தேநீர் அறையில் இருத்தினேன். கஸி இருந்த இடமெல்லாம் சபக்கட் போட்டேன். தபோஸ்களை வெட்டினேன். வெட்டிய இடத்தில் தேவையில்லாத விபரங்களும் சேர்ந்து போயின. முடிவில் ஒரு சமக்காத்துவித் வைத்து, நல்ல தாளில் திருப்பி எழுதச் சொன்னேன்.

நானும் மரிதெஸும் பேசுவது டேனிஷில்தான். அதை என் தமிழில் தருகிறேன்.

“கூயா, நான் இப்பிடிக் கதைக்கிறேல்லையே,” என்றாள்.

“கதைக்கிறது வேறை, எழுதுறது வேறை. எழுத்தெண்டா எழுத்து மாதிரி இருக்கவேணும்.”

தோழிகள் இருவரும் தங்களுக்குள் வாசித்துப் பார்த்துச் சிரித்தார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பழைய தாள்களை மேசை துப்புரவாக இருக்கட்டும் என்று கிழித்துப் போட்டேன்.

4. விசாரணை

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பணியாளர் பிரிவு அதிகாரியும் லோனேயும். இந்தப் பக்கம் கையில் கட்டோடு மரிதெஸ், பக்கத்தில் நான். அதிகாரி மொழிபெயர்ப்பாளரின் குறிப்பை வாசித்தார். மூன்று கடிதங்களின் மொழியும் மிக உயர்ந்தது, வேதாகமத்தில் வரும் அப்போஸ்தலர்களின் நிருபங்களை ஒத்திருக்கிறது, சலவைத் தொழிலாளர்கள் மூவர் தனித்தனியாக இப்படி எழுதுவது கடினம், ஒரே கை எழுதியதாகத் தெரிகிறது.

நான் கேட்டிராத பாராட்டு. கேட்கக் கூடாத இடத்தில் வந்தது.

அதிகாரி தாள்களை மூடினார். “மூண்டு பேரும் கூடிக் கதைச்சு ஒரே கதையை எழுதியிருக்கினம். இனி இவாவை நாங்கள் எப்பிடி நம்புறது?”

மரிதெஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பேசாமல் இருந்தால் என் பதவி தப்பும் என்று ஒரு கணம் கணக்குப் போட்டதையும் மறைக்க மாட்டேன்.

“நான்தான் எழுதினது,” என்றேன். “நடந்தது அவையின்ரை. சொல்லு என்ரை.”

முதலில் எழுதியவை எங்கே என்று கேட்டார். கிழித்துவிட்டேன் என்றேன். அவர் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, மூன்று பேரையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார்.

மரிதெஸ் மூச்சு விடாமல் சொன்னாள். தபோஸ் தபோஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. வாசலில் லொறி நின்றது, பிறகு லோனே வந்து கம்பியைக் கட்டு என்றார், காஸோ என்னிடம் டேப் இல்லை, பிறகு அவரே பொக்கெட்டிலிருந்து எடுத்துத் தந்தார், நீல டேப். அடுத்து வந்த தோழி, டேப் கிழிபடவில்லை என்பதால் லோனே பல்லால் கடித்துத் தந்ததைச் சொன்னாள். மற்றவள், அந்த நேரம் லோனேயின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது என்றாள். ஒருத்தி சொன்னது போல மற்றவள் சொல்லவில்லை. நடந்தது மட்டும் ஒன்றாக இருந்தது.

நீல டேப் மேலாளர்களின் அலுமாரியில் மட்டும்தான் இருக்கும். மரிதெஸ் முதலில் எழுதிய தாளிலும் அது இருந்தது. டேப்பின் நிறம் யாருக்கு வேண்டும் என்று வெட்டியவன் நான்.

அதிகாரி விபத்தன்று எடுத்த ரூலேயின் படத்தை எடுத்துப் பார்த்தார். கம்பியில் இருந்தது நீலம்தான். லோனே, அன்றைக்கு லொறி அவசரம் என்று இப்போது நினைவு வருவதாகச் சொன்னார். மரிதெஸின் வேலை தப்பியது.

5. என்னுடைய விளக்கம்

என்னிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். இரண்டு பின்னேரம் இருந்து டேனிஷில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ‘அதன் விளைவாக’, ‘இருந்தபோதிலும்’, ‘மேற்கூறிய சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு’ எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மனைவி பிலோமினாவிடம் காட்டினேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். யார் சாப்பிட்டார், யார் விழுந்தார் என்று தினமும் நாலு வரி எழுதிவிட்டு வருகிறவள்.

இரண்டு தரம் வாசித்தாள். “வடிவாத்தான் கிடக்கு. ஆனா நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு இதிலை எங்கையும் இல்லையே அப்பா.”

திரும்ப எழுதினேன். மூன்று பேரின் வாக்குமூலத்தை மாற்றினேன். அவர்கள் எழுதியதைக் கிழித்தேன். என்னிடம் யாரும் திருத்தச் சொல்லவில்லை. மூன்று வசனங்கள், இடையில் இணைப்பு ஒன்றும் இல்லை. கொடுத்தேன், பதவி போனது. அது சரியான தீர்ப்பு.

ஐந்து மாதம் முடிந்ததும் மரிதெஸ் அனுமதிக்கு விண்ணப்பித்தாள். கூடவே ஒரு கடிதமும் எழுதியதாகத் தோழிகள் சொன்னார்கள். ஞாயிறுதோறும் பூசைக்குப் பிறகு கோப்பி குடித்தபடி ஊர்க் கதையெல்லாம் கதைத்தாள், கடிதத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அனுமதி கிடைத்த பிறகுதான் கேட்டேன், எனக்கு ஒருதரம் காட்டியிருக்கலாமே என்று.

கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “காட்டவேணும் எண்டுதான் நினைச்சனான் கூயா. காஸோ, நீங்கள் திருத்திப்போடுவியள் எண்டு பயம்.”

முப்பது வருட வேலையில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாக அறிக்கை எழுதியதில்லை. அதில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.