இறந்தவர் பெயரில் ஒரு சீசன் பாஸ்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளி போகும் சாலையில், டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஓர் அலுவலகத்தில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். அதற்கு முன் பல ஆண்டுகள் சேலத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். பதிப்பைச் சுருக்கியபோது ஆளையும் சுருக்கினார்கள். ஆங்கிலம் பேச வரும் என்பதால் இந்த வேலை கிடைத்தது.

என்ன வேலை என்று சொன்னால் ஊரில் சிரித்தார்கள். ஐரோப்பாவில் பனிமலைகளில் சறுக்கி விளையாடப் போகிறவர்களுக்கு பாஸ் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலை. அங்கே மலைக்கு மலை ரிசார்ட். உச்சிக்குப் போக, கம்பியில் தொங்கியபடி நகரும் நாற்காலிகள். அதை லிஃப்ட் என்பார்கள். எல்லா மலைகளுக்கும் செல்லுபடியாகும் பெரிய சீசன் பாஸ் உண்டு, சில மலைகளுக்கு மட்டுமான சின்ன பாஸ் உண்டு, ஒரே மலைக்கானதும் உண்டு. எது தங்களுக்குச் சரிப்படும் என்று போனில் கேட்பார்கள். வயது என்ன, முழங்கால் எப்படி, ஒரே இடத்தில் தங்குவீர்களா, ஊர் ஊராகப் போவீர்களா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். நான் பனியைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த குளிர் வத்தல்மலைக் காலை மூட்டத்தோடு சரி. ஆனாலும் மாதக்கணக்கில் வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து, எந்தச் சரிவில் எப்போது வெயில் விழும் என்பதுகூட மனப்பாடமாகியிருந்தது.

அவர்களுக்குக் காலை என்றால் நமக்கு மதியம். அப்படி ஒரு மதியத்தில், தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மாள் அழைத்தார். எழுபதைத் தாண்டிய குரல். அவரும் கணவரும் பல வருடங்களாகப் பெரிய பாஸ் வைத்திருந்தார்கள். கணவர் சித்திரை வாக்கில் இறந்துவிட்டார். தனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருப்பதால் மலை ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடிவாரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தால் போதும், ஒரே ஊருக்கான சின்ன பாஸாக மாற்றிக்கொடுங்கள் என்றார்.

வருத்தம் தெரிவித்துவிட்டு அவர்கள் கணக்கைத் திறந்தேன். கணவரின் பாஸ் ஐப்பசியில் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதை ரத்து செய்யப் போனபோது கடைசி வரியைப் பார்த்தேன். அந்த பாஸ் அட்டை அன்று காலை பயன்படுத்தப்பட்டிருந்தது. முந்தின நாளும்.

லிஃப்டின் வாசலில் தானாகத் திறக்கும் கதவு இருக்கும். அட்டையை வெளியே எடுக்க வேண்டியதில்லை. பைக்குள் இருந்தாலே கதவு படித்துக்கொள்ளும். திறக்கும்போது ஒரு கேமரா ஒரு படம் எடுக்கும். அந்தப் படத்தைத் திறந்தேன். மஞ்சள் கோட்டு, தலைக்கவசம், முகத்தை முழுக்க மறைக்கும் கண்ணாடி. தனியாக நிற்கும் ஓர் உயரமான ஆள்.

நாளிதழில் மரணச் செய்தி வந்தால் இன்னொருவரிடம் உறுதி செய்யாமல் அச்சுக்கு விடமாட்டோம். அந்தப் பழக்கத்தில், கணவர் இறந்தபோது யார் உடன் இருந்தார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றார் அவர். பிறகு, ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்க வேண்டும். அலுவலக விதி அதுதான். நான் உள்ளதைச் சொன்னேன். அட்டை பயன்பாட்டில் இருக்கிறது என்றேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. "எங்கே?" என்று கேட்டார்.

ஊர்ப் பெயரைச் சொன்னேன். சீசனின் முதல் பனிக்கு அவர் எப்போதும் அங்கேதான் போவார் என்றார். எதையும் மாற்ற வேண்டாம், நாளை பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

பக்கத்து இருக்கையில் ஒகேனக்கல்காரப் பெண் ஒருத்தி. என்னைவிட நிறைய இளையவள், எதற்கும் சிரிக்கிறவள்.

"ஏங்கண்ணா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? வெள்ளக்காரம்மா திட்டிருச்சா?"

படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "செத்துட்டாருன்னு அந்தம்மாவே சொல்லுதுங்கறீங்க. அப்ப இது யாருங்க?"

"அதைத்தான் பாக்கறேன்."

"நீங்க ஒண்ணும் பாக்க வேணாம். மூடிட்டு எந்திரிச்சு வாங்க, டீ குடிக்கலாம்."

எங்கள் டீம் லீடர், என்னைவிட வயதில் சின்னவர், பயப்படவில்லை. "கார்டை எவனோ திருடிட்டான் சார், அவ்வளவுதான். பிளாக் போடுங்க. பேப்பர் ஆபீஸ் மாதிரி இங்கயும் விசாரணைக் கமிஷன் வெக்காதீங்க" என்றார். இறப்புச் சான்று வர வேண்டியிருக்கிறது என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

மறுநாள் அதே நேரத்தில் அம்மாள் அழைத்தார். எங்கள் குழு சின்னது. என்னைக் கேட்டால் அழைப்பு என்னிடமே வந்துவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, இன்று அவர் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போயிருப்பார், மலைக்குப் பின்புறம் பழைய லிஃப்ட் ஒன்று இருக்கிறது, அதில்தான் இருப்பார் என்றார். திரையைப் பார்த்தேன். பள்ளத்தாக்கும் சரி, லிஃப்டும் சரி.

புதுப் பனி விழுந்த இடத்துக்குப் போவது அங்கே எல்லாருக்கும் வழக்கம்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பழைய லிஃப்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. இருவர் உட்காரும் நாற்காலி, மெதுவாகப் போகும், வெயில் படாத பக்கம். அதற்கடுத்த நாளும் அவர் ஒரு மலையைச் சொன்னார். அதுவும் சரியாக இருந்தது. வெளியே பட்டப்பகல். கீழே கடையில் யாரோ டிராக்டர் பம்பரைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தை அனுப்ப முடியுமா என்றார். அனுமதியில்லை என்றேன். என்ன தெரிகிறது என்றாவது சொல்லுங்கள் என்றார். பார்ப்பதை அப்படியே சொல்வது என் பழைய தொழில். மஞ்சள் கோட்டு, வலது முழங்கையில் வேறு மஞ்சளில் ஒட்டுப்போட்டிருக்கிறது, தையல் கறுப்பு நூல் என்றேன்.

"அது நான் தைத்தது" என்றார்.

சொல்லியிருக்கக்கூடாது என்று அந்த நொடியில் புரிந்தது. அவர் குரல் மாறிவிட்டது. தெளிவாக, கிட்டத்தட்ட உற்சாகமாக ஆகிவிட்டது. விமான டிக்கெட் எடுக்கப்போகிறேன், என் பாஸைச் சின்னதாக்க வேண்டாம், எல்லா மலைக்கும் போகும் பெரிய பாஸாகவே வைத்துவிடுங்கள் என்றார். கடைசியாக ஒன்று கேட்டார். "லிஃப்டில் அவர் பக்கத்து இடம் காலியாகத்தானே இருக்கிறது?"

எல்லாப் படங்களிலும் அவர் தனியாகத்தான் நின்றிருந்தார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது.

கால் சரியில்லாத ஒரு வயதான பெண்மணி, உடன் யாருமில்லாமல், பனி மலையின் பின்புறத்துக்குப் போகப்போகிறார். அவரை அங்கே இழுப்பது என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். அட்டையை பிளாக் செய்துவிடலாம். செய்தால் அவர் போகாமலிருப்பாரா? அட்டை மறைந்தால் இன்னும் ஆழமாகத் தேடுவார் என்றே தோன்றியது. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு அப்படியே வைத்திருந்தேன். ஒகேனக்கல்காரப் பெண் தன் டப்பாவோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோட்டின் ஒட்டுப்போட்ட கையைப் பற்றிச் சொன்னேன்.

"எங்கண்ணன் பரிசல் ஓட்டுதுங்களே," என்று ஆரம்பித்தாள். "கருமாதிக்கு வர்றவங்க செத்தவங்க துணிய ஆத்துல விட்டுட்டுப் போவாங்கண்ணா. அதுல ஒரு கட்டம் போட்ட சட்டை, புதுசாட்டம் இருந்துச்சுன்னு எங்கண்ணன் எடுத்துப் போட்டுக்கிச்சு. ஒரு நாளு பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பள அது பின்னாலயே வருது. டீக்கடைக்குப் போனா டீக்கடை. பஸ்ஸு கிட்டப் போனா பஸ்ஸு. வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. எங்கண்ணன் பயந்து போயி திரும்பிப் பாத்துச்சு. மூஞ்சியப் பாத்ததும் அந்தம்மா அப்படியே தரையில உக்காந்துருச்சுங்க."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு பனியனோட வூட்டுக்கு வந்துச்சு. எங்கம்மா திட்டுன திட்டு இன்னும் முடியல." சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நம் பக்கத்தில் சாவு வீட்டில் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, துணிமணிகளை யாருக்குக் கொடுத்தீர்கள் என்பது. யாரும் அதைத் தவறாக நினைக்க மாட்டார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆங்கிலேய அம்மாளிடம் அப்படிக் கேட்டால் என்ன நினைப்பார் என்று தெரியாது. வேலை போனாலும் போகலாம். அடுத்த நாள் அவர் சாயங்காலம்தான் அழைத்தார், மறுநாள் காலை விமானம் என்றார். உடனே கேட்டேன். "மேடம், அவருடைய துணிகளை என்ன செய்தீர்கள்?"

அவர் வீட்டுக் கடிகாரத்தின் சத்தம் எனக்குக் கேட்டது.

என் தங்கை வந்து மூட்டை கட்டினாள் என்றார் பிறகு. தர்ம காரியத்துக்காகப் பழைய துணி விற்கும் கடை ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். என்னால் பார்க்க முடியவில்லை, மாடியிலேயே இருந்துவிட்டேன். கோட்டும் அதில் போயிருக்கும்.

"பாஸை எங்கே வைத்திருப்பார்?"

"கோட்டின் இடது கையில் ஒரு ஜிப் பை. சீசன் முடிந்தாலும் எடுக்கவே மாட்டார்."

லிஃப்ட் வாசலில் அட்டையைப் படிக்கும் கண் இருப்பதும் இடது பக்கம்தான். அந்தக் கோட்டை வாங்கியவர் தன் சொந்த அட்டையை வேறு பையில் வைத்திருக்கலாம், கதவு இந்த அட்டையை முதலில் படித்திருக்கலாம், அவருக்கே விஷயம் தெரியாமலிருக்கலாம் என்று விளக்கினேன். "அப்படியானால் அது யாரோ" என்றார். ஆமாம் என்றேன். அவர் அழுதார். அடக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

அழுது முடித்ததும், அட்டையை மூடிவிடுங்கள் என்றார். விசையில் விரல் வைத்துவிட்டேன். "பொறுங்கள்," என்றார். "இப்போது எங்கே இருக்கிறார்?"

"மேலே. அந்தப் பழைய லிஃப்டில்."

"மேலே இருக்கும்போது வேண்டாம். கீழே இறங்கட்டும்."

அடிவாரத்திலிருந்து ஊருக்குள் போகும் சிறு ரயிலுக்கும் அதே அட்டைதான். அந்த ரயில் வாசலில் அட்டை பட்டால் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். காத்திருந்தோம். அவர் போனை வைக்கவில்லை. அழைப்பு நீண்டுகொண்டே போவதைப் பார்த்து டீம் லீடர் எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். கீழே டிராக்டர் கடையின் ஷட்டரை இறக்கினார்கள். ஒகேனக்கல்காரப் பெண் தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகாமல் என் பின்னால் நின்றாள். நாங்கள் மூன்று பேரும், மூன்றாவது ஆள் கண்டம் தாண்டி இருந்தாலும், ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒருவர் வருவதற்குக் காத்திருப்பது போலத்தான் இருந்தது.

ரயில் வாசலில் அட்டை பட்டது. படம் வந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முகம் தெரியவில்லை, திரும்பி மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். முழுக்க நரைத்த தலை. என் பின்னால் நின்றவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"இறங்கிவிட்டார்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அம்மாளும் கேட்கவில்லை. அட்டையை மூடினேன். நன்றி சொல்லிவிட்டு, பயணத்தை ரத்து செய்யப்போகிறேன் என்றார். தன் பாஸும் அந்த ஆண்டு வேண்டாம் என்றுவிட்டார்.

மூடிய அட்டையோடு யாராவது வாசலுக்கு வந்தால் சிவப்பு விளக்கு எரியும். அந்த முயற்சியும் எங்கள் திரையில் பதிவாகும். தினமும் மலை ஏறியவர் மறுநாளும் ஏறியிருக்க வேண்டும். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். அன்று வரவில்லை, அடுத்த நாள் வரவில்லை. பங்குனியில் சீசன் முடியும்வரை அந்த அட்டை ஒரு வாசலுக்கும் வரவில்லை. கோட்டுக்காரரின் விடுமுறை அன்றோடு முடிந்திருக்கலாம். பையில் கிடந்த அட்டையைக் கண்டுபிடித்துத் தூக்கிப் போட்டிருக்கலாம். இரண்டில் எதையும் என்னால் உறுதி செய்ய முடியவில்லை.

தை மாதம் ஒரு முறை அம்மாள் அழைத்தார். "மறுபடி வந்தாரா?" என்றார். இல்லை என்றேன். "நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வேலையை விட்டு இப்போது வேறு வேலைக்கு வந்துவிட்டேன். ஆனால் சாவு வீடுகளுக்குப் போய் உட்காரும்போதெல்லாம், சீக்கிரம் மறந்துவிடுங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, போனவர் கீழே இறங்கி வரும்வரை கூட இருப்பதுதான் நம்மால் ஆகக்கூடியது என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.