ஓய்வு மலருக்கு விழுந்த மஞ்சள் சீட்டு

உயிரோடு இருக்கிற ஒரு கூட்டம் மனிதர்களை, என் அப்பாவையும் சேர்த்து, ஒரே புத்தகத்தில் மொத்தமாக மேலே அனுப்பி வைத்த பெருமை எனக்கு உண்டு. டிசைன் படிக்கப் போனதால் வந்த வினை அது. அதிலிருந்து என்னை மீட்டதும் டிசைன்தான் என்று சொன்னால் என் கல்லூரி சந்தோஷப்படும். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஓசூர்ப் பக்கம் இருக்கிறார்கள்.

அப்பா ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தார். சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவர். செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததற்குச் சீட்டுக் கட்டுவது அவர் வேலை. சிவப்புச் சீட்டு விழுந்தால் ரிஜெக்ட், கதை முடிந்தது. மஞ்சள் சீட்டு என்றால் ரீவொர்க். திருத்திக்கொண்டு வந்தால் மறுபடி பார்ப்பார்கள். வீட்டிலும் அவருக்கு இதே பாஷைதான். உப்புக் கூடின சாம்பாருக்கு மஞ்சள் சீட்டு, நான் சுட்ட முதல் தோசைக்குச் சிவப்பு.

நான் பெங்களூரில் ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். தினமும் காலையில் நெடுஞ்சாலை நிறுத்தத்தில் பஸ் பிடித்து, அத்திப்பள்ளி தாண்டிப் போய், இருட்டுவதற்குள் திரும்பி வருவேன். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் வரும் வாரங்களில், வேலை முடிந்து வருகிறவர் அந்த நிறுத்தத்தில்தான் நிற்பார். கையில் டிபன் பை, கண்ணெல்லாம் சிவப்பு. பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டோம். பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால் போனைக் காதில் வைத்திருப்பார். கம்பெனி பஸ் அங்கே இறக்கி விடுகிறது, நான் அங்கே ஏறுகிறேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் எனக்குப் பிடித்துப்போனது பத்திரிகை வடிவமைப்பு. முதல் வருடம் ஒரு சின்னப் பத்திரிகை செய்யச் சொன்னார்கள். ஓசூர்க் கடைப் பலகைகளைப் படமெடுத்து, தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டினேன். கையில் இருந்த எழுத்துரு அத்தனையும் அதில் இருந்தது. எங்கள் ஆசிரியை அதைப் புரட்டிவிட்டு, “இதில் நான் எங்கே மூச்சு விடுவது?” என்று கேட்டார். அடுத்த வருடம் காபியைப் பற்றி ஒரு பத்திரிகை செய்தேன். அதில் மூச்சு விட இடம் விட்டது போக வேறொன்றும் பெரிதாக இல்லை. பாராட்டு கிடைத்தது. பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் உட்கார வைக்கவும், வேண்டாததை எடுத்துப் போடவும் அந்த ஆசிரியைதான் எனக்குக் கற்றுக் கொடுத்தார். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் கற்றது தலைக்கேறியும் விட்டது. வீட்டுக் காலண்டரைப் பார்த்தால்கூட எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது.

கடைசி வருடத்துக்கு ஒரு நிபந்தனை. உண்மையான ஓர் இடத்துக்காக ஒரு வெளியீட்டைச் செய்து, அது அச்சாகி, வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வருடத்தை மறுபடியும் படிக்க வேண்டும். அந்த வருடம்தான் அப்பாவும் ஓய்வு பெறுவதாக இருந்தது. அதற்குப் பிறகு இன்னொரு வருடம் படிப்பது என்பதை எங்கள் வீட்டில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவின் தொழிற்சாலையில் ஊழியர் சங்கம் ஒன்று உண்டு. வருடா வருடம் ஓய்வு பெறுகிறவர்களுக்கு விழா நடத்தி, ‘ஓய்வு மலர்’ என்று ஒரு புத்தகம் போடுவார்கள். பக்கத்துக்கு நான்கு முகம், முட்டை வடிவச் சட்டம், சுற்றிலும் ரோஜாப்பூ. எதற்காகவும் யாரிடமும் போய் நிற்காத அப்பா சங்கச் செயலாளரிடம் போய், “இந்த வாட்டி மலர எம் பொண்ணு பண்ணட்டுங்க, நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் உற்சாகமாக இறங்கினேன். சங்கத்திலிருந்து எல்லோருடைய பாஸ்போர்ட் படங்களும் வந்தன. ஒன்றின் பின்னால் நீலம், ஒன்றின் பின்னால் சிவப்பு, ஒன்று வெயிலில் காய்ந்த மாதிரி மங்கல். எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக்க என்ன வழி? கருப்பு வெள்ளை ஆக்கினேன். ஆளுக்கு ஒரு பக்கம். நடுவில் முகம், சுற்றி மெல்லிய கருப்புக் கோடு, மீதியெல்லாம் வெற்றிடம். கீழே பெயர். அதற்கும் கீழே வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, சின்னதாக ஒரு கோடு, ஓய்வு பெறும் ஆண்டு. அட்டை முழுக்கக் கருப்பு. ஆசிரியையிடம் திரையில் காட்டினேன். அடக்கமாக இருக்கிறது என்றார். அவருக்குத் தமிழ் போஸ்டர்களைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். தினமும் பஸ்ஸுக்காக நிற்கும் இடத்தில் எதிர்ச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதிகள் வந்தன. ஒன்றை அப்பா அன்றைக்கே சங்கத்தில் கொடுத்துவிட்டு வந்தார், பிரித்துக்கூடப் பார்க்காமல். இன்னொன்றை நான் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆசையாகப் பிரித்தாள். அப்பாவின் பக்கம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அடிப்பாவி! உசுரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கிற மனுசன இப்பிடிப் பண்ணி வெச்சிருக்கியேடி!”

எட்டிப் பார்த்த அப்பா, “மாலை ஒண்ணுதான் பாக்கி” என்றார்.

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. கருப்புக் கட்டம், வெள்ளைப் பக்கம், ஆண்டுக்கும் ஆண்டுக்கும் நடுவில் அந்தச் சின்னக் கோடு. தோற்றம், மறைவு என்ற இரண்டு சொற்கள் மட்டும்தான் இல்லை.

மறுநாள் சங்க அறையில் நடந்ததை அப்பாவின் நண்பர் ஒருவர் பிறகு சொன்னார். ஓய்வு பெறப் போகிறவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்களாம். கோபமெல்லாம் தெலுங்கிலும் கன்னடத்திலும், முடிவு மட்டும் தமிழில். “எங்க வூட்டுல இதப் பாத்தா மயக்கம் போட்டு விழுந்துருவாங்க” என்று ஒருவர். பழைய அச்சகத்துக்கே கொடுத்து, பழையபடி ரோஜாப்பூ போட்டுவிடலாம் என்று செயலாளர் எழுந்துவிட்டாராம். எல்லாம் முடிந்த பிறகு அப்பா மேஜை மேலிருந்த மாதிரிப் பிரதியை எடுத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை உருவி, அதன் முதுகில் கட்டினாராம். “தப்புதாங்க, இல்லேங்கல. ஆனா ரிஜெக்ட் இல்ல, ரீவொர்க். ஒரு வாரம் குடுங்க. சரியா வரலேன்னா நானே செவப்பு கட்டறேன்.” அத்தனை வருடமாக அந்த ஆட்களுடைய வேலைக்கு அவர் சீட்டுக் கட்டியிருக்கிறார். ஒருநாளும் யாருக்காகவும் நிறம் மாற்றிக் கட்டியதில்லை. அதனால்தான் அந்த மஞ்சளை யாரும் மறுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வாரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நான் அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டே, அடுத்து என்ன செய்வது என்று யோசித்தேன். படங்களை மறுபடி கலராக்கினால் மட்டும் போதாது என்று தோன்றியது. இந்த ஆட்களில் அப்பாவைத் தவிர ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்காமலே அவர்களுக்கு அடக்கமான பக்கம் செய்திருக்கிறேன். “நேர்ல போயி, எப்பிடி எடுக்கணும்னு அவங்களையே கேக்கறேம்பா” என்றேன். அப்பா வண்டிச் சாவியை எடுத்தார்.

அந்த வாரம் முழுக்க அவர் வண்டி ஓட்ட, நான் பின்னால் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குருபரப்பள்ளியில் ஒரு வெல்டர் இருந்தார். போய் நின்றதும், “வாம்மா, இன்னிக்காச்சும் உசுரோட எடுப்பியா?” என்றார். பிறகு, ஸ்டுடியோவில் நீர்வீழ்ச்சித் திரைக்கு முன்னால் நின்றுதான் எடுத்துக்கொள்வேன் என்று ஒரே பிடிவாதம். வீட்டுக்குப் பின்னால் நல்ல வெளிச்சம் இருக்கிறது என்று கெஞ்சினேன். “பொறி பறக்கற எடத்துலயே காலம் போயிருச்சு. கொஞ்சம் தண்ணி பக்கத்துல நின்னுக்கறேனே” என்றார். ஸ்டுடியோவிலேயே எடுத்தேன். அந்தத் திரையின் நீலத்தையே எடுத்துப் பக்கம் முழுக்க ஓட விட்டேன். அவர் தண்ணீருக்குள்ளேயே நிற்கிற மாதிரி வந்தது. நான் அதுவரை செய்த பக்கங்களிலேயே நல்ல பக்கம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மத்தூர்ப் பக்கம் மாந்தோப்பில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேட்டிக்குக் கீழே கம்பெனி பாதுகாப்பு ஷூவை மாட்டிக்கொண்டார். ஷூ தெரிய வேண்டும் என்று மூன்று தரம் சொன்னார். கிருஷ்ணகிரியில் ஒரு பாய் தன் மனைவியை முன்னால் உட்கார வைத்து, தான் பின்னால் நின்றுகொண்டார். “டூட்டிக்கு நான் போனேன், எந்திரிச்சது அவங்கதான்” என்றார். அந்த அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தபோது நான் எடுத்துவிட்டேன். படத்துக்குக் கீழே போட ஆளுக்கொரு வரியும் கேட்டு வாங்கினேன்.

படங்கள் இப்போது முதல் வருடத்துக் கடைப் பலகைகளைப் போல ஆளுக்கொரு திசையில் இழுத்தன. அங்கேதான் கல்லூரி கை கொடுத்தது. தொழிற்சாலையில் ஒவ்வொருவருக்கும் டோக்கன் நம்பர் உண்டு. பெயரை மறந்தாலும் நம்பரை மறக்க மாட்டார்கள். அந்த நம்பரை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், பெரிதாகப் போட்டேன். பக்கங்களையும் நம்பர் வரிசையிலேயே அடுக்கினேன். யார் முதல், யார் பின்னால் என்ற சண்டைக்கு இடமில்லை. படம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், நம்பர் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தியது.

கடைசியாக அப்பா மட்டும் பாக்கி. ஊரெல்லாம் வண்டி ஓட்டினவரை நான் கேட்கவே இல்லை. “உங்கள எங்கப்பா எடுக்கறது?” என்றேன்.

கொஞ்சம் தயங்கி, “அந்த பஸ் ஸ்டாப்புல எடேன்” என்றார்.

“அங்க என்னாத்துக்குப்பா? கம்பெனி பஸ் எறக்கி விடற எடந்தானே அது?”

“கம்பெனி பஸ்ஸு நம்ம தெரு முக்குலதான் நிக்கும். நான்தான் முன்னாடியே எறங்கிக்குவேன்.”

கேட்டால்தானே தெரியும்? இத்தனை வருடம் நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை அங்கே போனோம். டிபன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கேமராவைப் பார்க்கச் சொன்னேன். அவர் வழக்கம்போல பஸ் வரும் பக்கமே பார்த்தார். அப்படியே எடுத்தேன். கீழே என்ன எழுதட்டும் என்றதற்கு, “‘ஏறிட்டா’ன்னு போடு” என்றார். யார் ஏறினார்கள், எதில் ஏறினார்கள் என்று படிக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். “தெரியறவங்களுக்குத் தெரியும்” என்று பையை வண்டியில் மாட்டினார். சொன்னதை அப்படியே போட்டேன்.

இரண்டாவது மாதிரிப் பிரதியைச் சங்கத்தில் கொடுத்தபோது செயலாளர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பார்த்து முடித்து, பழைய பிரதியிலிருந்து மஞ்சள் சீட்டை அவிழ்த்து அப்பாவிடமே கொடுத்தார். மலர் அச்சானது. விழாவில் அவரவர் தங்கள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்குக் காட்டினார்கள். வெல்டர் தன் நீர்வீழ்ச்சியை மேடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். நான் வருடத்தைத் தாண்டினேன். ஆசிரியை நீலப் பக்கத்தில் வெகுநேரம் நின்று, இந்தப் பத்திரிகையில்தான் முதல் தடவையாக ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்.

விழாவில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் அப்பாவின் பக்கம் வரை புரட்டினாள், மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பயந்துபோய், “இப்ப என்னம்மா?” என்றேன்.

“நைட் ஷிஃப்ட் வாரமெல்லாம் நீ பஸ் ஏறினதும் எனக்குப் போன் பண்ணி இந்த ஒரு வார்த்தைதான்டி சொல்லுவாரு. ‘ஏறிட்டா.’ அதக் கேட்டப்புறந்தான் எனக்கு டீயே எறங்கும்” என்றாள்.

இப்போது எனக்குப் பெங்களூரில் ஒரு பத்திரிகையில் வடிவமைப்பு வேலை. யாருடைய படம் வந்தாலும், எப்படி வர வேண்டும் என்று முதலில் அவர்களையே கேட்கிறேன். அதே நிறுத்தம், அதே பஸ்தான். அப்பாவுக்கு ஷிஃப்டும் இல்லை, டிபன் பையும் இல்லை. ஆனாலும் காலையில் கூடவே நடந்து வந்து நிற்கிறார். பஸ் கிளம்பும்போது நான் திரும்பிப் பார்க்கிறேன். போனைக் காதில் வைக்கிறார்.