வீட்டில் ஆள் இல்லை

சென்ற டிசம்பரில், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு மாலை, மலேசியாவின் புக்கிட் செலம்பாவில் ஒரு வீட்டு வாசலில் நடந்தது இது. எனக்கு எழுபத்து நான்கு வயது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அருகிலுள்ள சுங்கை பட்டாணியில் எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறுகளில் எங்கள் பாடகர் குழு வேனில் ஏறி, சபையாரின் வீடு வீடாகப் போய்க் கேரல் பாடும். அந்தப் பட்டியலை ஒரு நீள நோட்டில் இருபது வருடமாக நான்தான் வைத்திருந்தேன். பாடிய வீட்டுக்கு நேரே ‘பாடியாயிற்று’ என்று எழுதுவேன். பூட்டிக் கிடந்தால் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதுவேன். பண்டிகை முடிந்ததும் அதன் நகலை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

என் நண்பர் ஒருவர் முன்பு அந்தக் குழுவில் அடிக்குரலில் பாடியவர். நாங்கள் ஒரே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். இது நடப்பதற்கு ஆறு வருடங்களுக்கு முன் அவருடைய மகள் ஓர் இந்து இளைஞரைக் கோயிலில் திருமணம் செய்துகொண்டாள். நண்பர் முன்னால் நின்று நடத்தி வைத்தார். நான் போகவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அந்த டிசம்பரில் வேன் அவர் வீட்டுச் சந்தருகே வந்தபோது, “நேராப் போ” என்று ஓட்டுநரிடம் சொன்னேன். குழுவினர் கேட்டதற்கு, வெளியூர் போயிருக்கிறார்களாம் என்றேன். நோட்டில் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதினேன்.

மறு வருடமும் அதையே எழுதினேன். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டிவரும். தொடர்ந்து எழுதுவது எளிதாக இருந்தது. பிறகு இனிப்பு நீர் நோயால் அவருடைய வலது காலை எடுத்தார்கள். அவர் ஆலயத்துக்கு வருவது நின்றுபோனது. மனைவி மட்டும் வருவார். இனி ஆலயம் அவரிடம் போனால்தான் உண்டு. அவருடைய சுகத்துக்காக ஆராதனையில் எழுந்து நின்று ஜெபித்தவன் நான். அதே மாதம் அந்த மூன்று சொற்களை மறுபடி எழுதியவனும் நான்தான்.

சென்ற டிசம்பரில் எனக்குக் கண் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. எழுத்து மங்கலாகத் தெரிந்ததால், வேன் ஓட்டிய பெண்ணிடம் நோட்டைக் கொடுத்திருந்தேன். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருப்பவள்; எதையும் சரிபார்க்காமல் விடமாட்டாள். செம்பனைத் தோப்பை ஒட்டிய அந்தச் சந்தில் வேனை மெதுவாக்கினாள்.

“என்னா சார், இந்த வீட்டுல மட்டும் ஆறு வருஷமா ஆளே இல்ல?”

“நேரமாச்சும்மா, நேராப் போ.”

“லைட்டு எரியுது லா சார். ஸ்டாரு வேற கட்டியிருக்காங்க. அஞ்சு நிமிஷந்தானே.”

திருப்பிவிட்டாள். எல்லோரும் இறங்கினார்கள். முட்டி வலிக்கிறது என்று நான் மட்டும் வேனிலேயே இருந்துகொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு வரிசையாகப் போட்டிருந்தன. நெற்றியில் திருநீறோடு ஓர் இளைஞர் ஓடிவந்து கேட்டைத் திறந்தார். மருமகன் என்று புரிந்தது.

பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது சரணத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஓர் அடிக்குரல் வந்து சேர்ந்தது. கொஞ்சம் நடுங்கியது; ஆனால் சேர வேண்டிய இடத்தில் சரியாகச் சேர்ந்தது.

பாடி முடித்ததும் அவருடைய மனைவி வேனுக்கே வந்துவிட்டார். “அண்ணே, இறங்கி வாங்க. வாத்தியாரு வேனுக்குள்ளாற ஒளிஞ்சிக்கிட்டு இருக்காரான்னு கேக்குறாரு.”

போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சக்கர நாற்காலியில் இருந்தார்.

“வாங்க வாத்தியாரே. ஒரு சந்தேகம். எங்க வீட்டுல ஆள் இல்லன்னு போர்டுல போட்டிருக்குன்னு வருஷா வருஷம் இவ வந்து சொல்றா. நானும் என்னையக் கிள்ளிப் பாத்துக்குறேன். கால் ஒண்ணுதானே போச்சு, மிச்சம் எல்லாம் இங்கதானே லா இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். வேன் ஓட்டிய பெண் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். நானும் சிரித்து, நோட்டில் ஏதோ பிசகு என்று சொல்லியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பொய் வாய்வரை வந்துவிட்டது.

“வீட்டுல நீங்க இருந்தீங்க. தெரிஞ்சேதான் எழுதினேன்,” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய மனைவி, யாரையும் குறை சொல்லாத குரலில், “மருமகன்தாண்ணே ஸ்டாரு கட்டுவாரு. ஞாயித்துக்கிழமையானா நாற்காலியத் தொடச்சுப் போடுவாரு. வேன் அந்தப் பக்கம் போனதும் எடுத்து அடுக்கிருவாரு,” என்றார்.

மருமகன் ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்கார்ந்தேன். நண்பர், குழுவின் பக்கம் திரும்பி, “இன்னொன்னு பாடுங்க. சுருதியக் கொஞ்சம் எறக்குங்க, பூனை கத்துற மாதிரி இருக்கு,” என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் அன்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை நான் போனால், வாத்தியாருக்குத் தேத்தண்ணி கொண்டு வா என்று உள்ளே குரல் கொடுக்கிறார்.

பண்டிகை முடிந்து பட்டியல் ஒட்டியபோது, அதன் அடியில் என் கைப்பட எழுதினேன்: ‘கடந்த ஆறு வருடமும் அந்த வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். போகாதவன் நான்.’ கையெழுத்தும் போட்டேன். அவருடைய மனைவி நின்று அதைப் படித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு நண்பரிடமிருந்து செய்தி வந்தது: வாத்தியாருக்கு எழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறதாம், எழுதத்தான் நேரம் பிடிக்கிறதாம்.

திருவருகைக் காலம் என்றால் காத்திருப்பது என்று எத்தனையோ வருடம் சபையில் பேசியிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், எங்களுக்காகத் துடைத்துப் போட்டு, வேன் நிற்காமல் போனதும் திரும்ப அடுக்கி வைத்த அந்த நாற்காலிகள்தாம் என் கண்முன் வருகின்றன.