பெஷேயின் தோளில் இருந்த கை

எங்கள் ஊர் ஷிலோவ்காவில் மூவாயிரம் யூதர்கள் இருந்தோம். ஜெர்மானியர்கள் வந்து போனபின் அங்கே ஒருவரும் இல்லை. போருக்கு முன்பே டெல் அவீவுக்குக் கப்பலேறிவிட்ட நாங்கள் நாற்பது பேர், ஊர் நினைவாகப் புகைப்படப் புத்தகம் போட ஒரு குழு அமைத்தோம். குழு என்றால் உப்பு மீனைத் தின்றுகொண்டே சண்டை போடுவது. அவரவர் தம்பி மகா பண்டிதன், அவரவர் மாமன் பெரிய வள்ளல். அந்தப் புத்தகத்தை நம்பினால் ஷிலோவ்காவில் ஒரு முட்டாளும் பிறந்ததில்லை. எனக்கே பத்துப் பேரைத் தெரியும். அதில் இருவர் குழுவில் இருந்தார்கள்.

தையற்காரி பெஷே யாரையும் புகழவில்லை. பாதிப் படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா வாத்து இறகு மெத்தையைத் தங்கை ஃப்ராட்லுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்ட கோபத்தில், இருவரும் சேர்ந்து நின்ற படத்திலிருந்து தங்கையைக் கத்தரித்துவிட்டு வந்தவள் அவள். டெல் அவீவ் புழுக்கத்தில் இறகு மெத்தையில் படுக்கப் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும். அது தெரிந்தும் தங்கைக்கு ஒரு கடிதம் போடவில்லை. பிறகு போடுவதற்கு ஆள் இல்லை. தங்கை முகம் வேண்டி நியூயார்க், புவனோஸ் அயர்ஸ் என்று சிதறிப்போன ஊர்க்காரர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டாள். எங்கும் கிடைக்கவில்லை.

படங்களைத் திருத்துவது என் பொறுப்பு. கையில் தூரிகை, தலையில் திமிர். அச்சுக்குப் போகுமுன் எல்லாருக்கும் காட்டினேன். பெஷே தன் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏன்டா ஸெலிக், என் தோள்மேல ஒரு கை இருந்துச்சே, எங்க?"

"உடம்பே இல்லாம தொங்கிட்டு இருந்துச்சுக்கா, பார்க்கவே அசிங்கமா. சாயம் பூசி மறைச்சுட்டேன். இப்ப எவ்ளோ லட்சணமா இருக்கீங்க பாருங்க."

"எனக்கு எதுக்குடா லட்சணம்? அது ஃப்ராட்ல் கை. நான் வெட்டினப்போ அது மட்டும் எம்மேலயே தங்கிடுச்சு. நான் அவளைப் படத்துல வெட்டினேன். அவனுங்க ஆளையே கொன்னானுங்க. மிச்சம் இருந்ததை நீ மறைச்சுட்ட."

யாரும் மீனைத் தொடவில்லை. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. பூசியது அசல் படத்தின்மேல். ஈரப் பஞ்சை வைத்து இரண்டு நாள் சாயத்தை ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

படத்தின் கீழே 'இடமிருந்து வலம்: ஃப்ராட்ல், பெஷே' என்று எழுதச் சொன்னாள் பெஷே. குழுத் தலைவர் மெண்டல் முறைத்தார்.

"ஆளே இல்லாம பேர் போடுறதா?"

"உன் தம்பியைப் பண்டிதன்னு போட்டிருக்கியே மெண்டல், அதுக்கு இது தேவலாம்."

பெயர் அச்சாகிவிட்டது. கையும் இருக்கிறது, நான்கு விரல்களோடு. கட்டைவிரல் சாயத்தோடு பஞ்சில் வந்துவிட்டது. அந்தப் பழியை மட்டும் ஜெர்மானியர்மேல் போட முடியாது.