குறுக்கே இரண்டு கோடு

கிள்ளானில் நான் வேலை செய்யும் போட்டோஸ்டாட் கடையில் எனக்குக் ‘கோட்டு அக்கா’ என்று பெயர். ஐசி என்னும் அடையாள அட்டையை நகல் எடுக்க யார் வந்தாலும் தாளோடு பேனாவையும் நீட்டுவேன். குறுக்கே சாய்வாக இரண்டு கோடு இழுத்து, நடுவில் இது இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுத வேண்டும். அப்புறம் அந்த நகலை வேறெதற்கும் யாரும் பயன்படுத்த முடியாது. அவசரமாக வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

“என் ஐசிய வெச்சு எவன் என்னா செய்யப் போறான் அக்கா? எனக்கே அத வெச்சு ஒண்ணும் கெடைக்கல லா” என்றார் காப்பாரிலிருந்து வரும் ஒரு லோரி ஓட்டுநர்.

அவரையும் விடவில்லை. கோடு போட்டுவிட்டுத்தான் போனார்.

பயம் என்னோடு பிறந்தது. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி நடக்கிறவள் நான். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டேன். அதனால் எனக்குப் புரியாத எதுவும் என் தலையில்தான் வந்து விழும் என்று நினைப்பேன்.

மகளுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது, கடை வானொலியில் ஒருவர் பேசினார். நாம் பார்க்கும் இணையத்துக்கு அடியில் இன்னொரு இணையம் இருக்கிறதாம். அதற்கென்று தனிச் செயலி வேண்டுமாம். திருடிய ஐசி எண்களெல்லாம் அங்கே விற்பனைக்குக் கிடக்குமாம். மகளுடைய எண்ணும் அங்கே கிடந்தால்? அவள் பெயரில் எவனாவது ஏதாவது செய்து, சேரும் முன்பே வேலை கெட்டுப்போனால்?

பயத்தால் போனேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. பாதிதான் பயம். படித்தவர்களே போகத் தயங்கும் இடம் என்று அந்த மனிதர் சொன்னதும், எட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒன்று குறுகுறுத்தது.

முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கடைக் கணினியில் அந்தச் செயலியை இறக்கினேன். உள்ளே பயப்படும்படி எதுவும் இல்லை. பாதிப் பக்கங்கள் திறக்கவே இல்லை. ஒன்றில் மட்டும் மலாயில் ஒரு கட்டம் இருந்தது: உங்கள் ஐசி எண் திருடப்பட்டிருக்கிறதா, இங்கே சோதித்துப் பாருங்கள். என் எண்ணைப் போட்டேன். கைப்பேசி எண்ணையும் கேட்டது, கொடுத்தேன். ‘இல்லை’ என்று வந்தது. மகளுடையதையும் போட்டேன். அதுவும் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்று மதியம் வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேசினேன்.

சாயங்காலம் மகள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“உன் ஐசி நம்பர் எங்கயும் போகலம்மா. நானே உள்ள போய்ப் பார்த்துட்டேன்” என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

“எதுக்குள்ள?”

நடந்ததைச் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“நம்பர நீதான் டைப் பண்ணியா?”

“ஆமா. போன் நம்பரும் கேட்டுச்சு, குடுத்தேன்.”

“அதுக்கு முன்னாடி அங்க இல்லம்மா. இப்ப இருக்கும்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது மடல் சுட்டது.

“அதுல ரெண்டு கோடு போட்டியா?” என்றாள். சிரித்தபடிதான் கேட்டாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “கடைக் கம்ப்யூட்டர்லயா? ஊர்ல இருக்கறவங்க அனுப்புற ஐசி படமெல்லாம் அதுலதானே இருக்கு? நாளைக்கே பாஸ்கிட்ட சொல்லிடு” என்றாள்.

சொன்னேன். முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். “நீங்களா அக்கா?” என்று மட்டும் கேட்டார். கணினியைத் துடைத்துச் சரி செய்ய ஆள் வந்தான். “யாரு பாஸ் இத எறக்குனது?” என்று அவன் கேட்டபோது நான் இயந்திரத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“கஸ்டமர் யாரோ” என்றார் முதலாளி.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பேன். தாள்களைத் தட்டித் தட்டி ஓரம் சேர்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்குப் படம் அனுப்பியவர்கள் யாருக்கும் அது தெரியாது. அந்த லோரி ஓட்டுநர் அடுத்த தடவை வந்தபோது, பேனாவை நீட்ட எனக்குக் கை எழவில்லை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மகள் தன் கடவுச்சொற்களையெல்லாம் மாற்றினாள், வங்கிக்குப் போய்ச் சொல்லி வைத்தாள். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. தெரியாத எண்ணிலிருந்து அவளுக்கு அழைப்பு வரும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய்விடுகிறேன்.

வேலையில் சேர இரண்டொரு நாள் இருக்கையில், “ஐசி காப்பி வேணும்னியே, கடைக்கு வா, எடுத்துத் தரேன்” என்றேன். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய நகல் எல்லாம் என் கையால் எடுத்தவைதான்.

“எடுத்துட்டேன்மா. பிரிக்பீல்ட்ஸ்லயே ஒரு கடை இருந்துச்சு.”

பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினாள். குறுக்கே இரண்டு கோடு, அளவெடுத்த மாதிரி. நடுவில் அவளுடைய சின்ன எழுத்தில், இன்ன காரியத்துக்கு மட்டும்.

“சரியா இருக்காம்மா?”

“சரியா இருக்கு” என்றேன்.

வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினேன். அதற்குள் அவள் தாளைப் பைக்குள் வைத்து மூடியிருந்தாள்.